வகுப்புக்கு ஒரு வாட்ஸாப் குழு போதுமா?

கேள்வி: கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் பொருளியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். இளங்கலை முதலாண்டு மாணவர்களுக்காக வாட்ஸாப் குழு தொடங்கினேன். பாடக்குறிப்புகளை பி.டி.எஃப். ஆக அனுப்புகிறேன், படித்ததாகத் தெரியவில்லை. கேள்வி கேட்டால் பதில் வருவதில்லை, பண்டிகை வாழ்த்துகள்தான் குவிகின்றன. குழுவிலிருந்து எண்ணை எடுத்து யாரோ இரவில் செய்தி அனுப்புவதாக ஒரு மாணவி வருந்தினார். குழுவைக் கலைத்துவிடலாமா? டெலிகிராமுக்கு மாறினால் சரியாகுமா?

பதில்: மாணவியின் புகாரிலிருந்து தொடங்குகிறேன், மற்றவை காத்திருக்கலாம். அந்தச் செய்திகளை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் கல்லூரியின் உள் புகார்க் குழுவிடம் எழுதித் தர அவர் விரும்பினால் துணை நில்லுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 விதிமுறைகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் அந்தக் குழு இருந்தாக வேண்டும். சாதாரண வாட்ஸாப் குழுவில் சேரும் ஒவ்வொருவரின் எண்ணும் மற்ற அனைவருக்கும் தெரியும். நாம் வசதிக்காகத் தொடங்கும் குழுவுக்கு ஒரு மாணவி இப்படி விலை கொடுக்கக் கூடாது.

அறிவிப்புகளுக்கு வாட்ஸாப்பின் 'கம்யூனிட்டி' வசதியைப் பயன்படுத்துங்கள். அதன் அறிவிப்புக் குழுவில் அட்மின் மட்டுமே அறிவிப்பு இட முடியும். உறுப்பினரின் எண்ணை, அதை ஏற்கெனவே சேமித்து வைத்திருப்பவர்களைத் தவிர, பிற உறுப்பினர்கள் பார்க்க முடியாது. தேர்வுத் தேதி, அறை மாற்றம், ஒப்படைப்புக்கான கெடு ஆகியவை அங்கே போதும். வாழ்த்துகள் தாமாகவே நின்றுவிடும். முக்கியமானதைத் தகவல் பலகையிலும் ஒட்டுங்கள், எல்லோர் கையிலும் எப்போதும் டேட்டா இருப்பதில்லை. மதிப்பெண் பட்டியலை எந்தக் குழுவிலும் போடாதீர்கள்.

இனி, பதிலே வராத விஷயம். "சந்தேகம் இருந்தால் கேளுங்கள்" என்று பொதுவில் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். தவறாக எழுதினால் வகுப்பு முழுதும் பார்க்கும் என்ற கூச்சம், முதலாண்டில் இருப்பவருக்குப் பெரிய தடை. வாட்ஸாப் வாக்கெடுப்பிலும் இதே சிக்கல்தான்: யார் எதற்கு வாக்களித்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். முதல் மதிப்பெண் வாங்குபவர் எதைத் தொட்டாரோ அதையே மற்றவர்களும் தொடுவார்கள். டெலிகிராமில் பெயர் வெளியே தெரியாத வினாடி வினா வைக்கலாம். விடையைத் தொட்டதும் சரியா தவறா என்பதும், நீங்கள் எழுதிவைத்த சிறு விளக்கமும் தெரியும்படி அமைக்கலாம். வினாக்களுக்கு மட்டும் டெலிகிராமுக்கு மாற இந்த ஒரு காரணமே போதும். சேரும்போது ஒவ்வொருவரும் தம் எண்ணை 'யாருக்கும் காட்டாதே' என்று அமைப்பதை நீங்களே வகுப்பில் செய்து காட்டுங்கள். எல்லோரும் சேர்ந்த பின் அழைப்பு இணைப்பை ரத்து செய்யுங்கள்.

என்ன கேட்பது? ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991 முதல் தம் வகுப்பில் கையாண்ட முறை உங்கள் பாடத்துக்கும் பொருந்தும். கருத்தைச் சோதிக்கும் ஒரே ஒரு கேள்வி. மாணவர்கள் தனித்தனியே வாக்களிப்பார்கள். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதிட்டு மீண்டும் வாக்களிப்பார்கள். உதாரணத்துக்கு, வகுப்புக்கு முந்தைய மாலை இப்படிக் கேளுங்கள்: "வரத்துக் குறைந்ததால் வெங்காயம் கிலோ 30 ரூபாயிலிருந்து 60 ரூபாய் ஆனது. மக்கள் குறைவாக வாங்கினார்கள். தேவைக்கோடு இடம்பெயர்ந்ததா, அதே கோட்டில் நகர்ந்தோமா?" பலர் இடம்பெயர்ந்தது என்பார்கள். விலை மட்டும் மாறினால், எந்த விலைக்கு எவ்வளவு வாங்குவார்கள் என்று காட்டும் அதே கோட்டில்தான் நகர்கிறோம். வருமானம், விருப்பம் போன்றவை மாறினால்தான் கோடே நகரும். இந்த முதல் சுற்றில் மட்டும் சரியான விடையைக் காட்டாத சாதாரண வாக்கெடுப்பை வையுங்கள். மறுநாள் முடிவைக் கரும்பலகையில் எழுதி, இருவர் இருவராகப் பேசவிட்டு, மீண்டும் கையுயர்த்தச் சொல்லுங்கள். சுமார் 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொன்ன கேள்விதான் வாதத்துக்கு ஏற்றது. எல்லோருக்கும் தெரிந்த கேள்வியில் பேச ஒன்றுமில்லை. யாருக்கும் தெரியாததை நீங்களே மீண்டும் நடத்துவது நல்லது.

பி.டி.எஃப்.களைக் குழுவில் கொட்டாதீர்கள். கூகுள் கிளாஸ்ரூமில் அலகு வாரியாக வைத்தால் பருவத் தேர்வுக்கு முதல் நாளும் தேடி எடுக்கலாம். நீண்ட காணொளிக்குப் பதில் மூன்று நிமிடக் குரல் பதிவு அனுப்புங்கள், அது ஒரு எம்.பி.க்குள் அடங்கிவிடும்.

இன்ஸ்டாகிராம் கணக்கு தொடங்குவதை மட்டும் மதிப்பெண்ணுக்கான நிபந்தனையாக்க வேண்டாம். பொதுவெளியில் எழுதப் பழக்க வேண்டுமென்றால், 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா இருக்கிறது. புனைபெயரிலேயே எழுதலாம், சான்று இல்லாத வரியைப் பிற பயனர்கள் கேள்வி கேட்பார்கள். பொருளியல் கட்டுரை ஒன்றில் ஒரு பத்தியைச் சான்றோடு திருத்துவது, பார்த்தெழுதும் ஒப்படைப்பைவிட எவ்வளவோ மேல்.

நீங்கள் இல்லாத குழு ஒன்றையும் மாணவர்கள் வைத்திருப்பார்கள். அதில் நுழைய முயல வேண்டாம். உங்களிடம் கேட்கத் தயங்குவதை அங்கேதான் ஒருவருக்கொருவர் சொல்லித் தருகிறார்கள். உங்கள் பக்கம், மாலை ஏழு மணிக்குப் பின் பதில் வராது என்று முதல் நாளே அறிவித்துவிடுங்கள். பருவம் முடிந்ததும் வினாக்களை மட்டும் சேமித்துக்கொண்டு, குழுவை மூடிவிடுங்கள்.