பையன் தேறுவானா? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கூடைப்பந்து, அதிலும் ஒரே விஷயம்: "எங்கள் டீமில் ஒரு இளம் ஷூட்டிங் கார்டு இருக்கிறான், பெரிய ஆளாக வருவானா?" (ஷூட்டிங் கார்டு என்றால் வெளிப்பக்கம் ஆடி, புள்ளி அடிப்பதையே முக்கிய வேலையாகக் கொண்டவன்.) டீம் பெயர் மாறுகிறது, பையன் பெயர் மாறுகிறது, கேள்வி மட்டும் மாறவில்லை. எனவே பெயர்களை எடுத்துவிட்டேன். ரசிகர் சண்டைக்கு நடுவே விசில் ஊத எனக்கு உடம்பில் தெம்பில்லை.

கேள்வி: பையனுக்கு 20 வயது. டீம் தோற்றுக்கொண்டே இருக்கிறது, இவன் மட்டும் தொடர்ந்து 25 புள்ளிகளுக்கு மேல் அடிக்கிறான். ஸ்டார் ஆகிவிட்டான் என்கிறேன் நான். "தோற்கிற டீமில் யார் வேண்டுமானாலும் அடிக்கலாம்" என்கிறான் என் தம்பி. யார் பக்கம் நியாயம் சார்?

பதில்: தம்பி சொல்வதில் பாதி உண்மை. அமெரிக்காவின் என்பிஏ லீகில் ஒரு ஆட்டம் 48 நிமிடம், எவ்வளவு மட்டமான டீமும் நூறு புள்ளிக்குப் பக்கத்தில் எடுத்துவிடும், அதை யாராவது அடித்துத்தானே ஆக வேண்டும். நல்ல டீமில் பெஞ்சில் உட்கார வேண்டிய பையனுக்கு இங்கே 35 நிமிடம் கிடைக்கிறது, நினைத்தபோதெல்லாம் ஷாட் எடுக்கலாம்.

ஆனால் மீதிப் பாதியும் இருக்கிறது. 2017 மார்ச் 24 அன்று டெவின் புக்கர் பாஸ்டனுக்கு எதிராக 70 புள்ளிகள் அடித்தார், வயது 20. அவருடைய டீம் ஃபீனிக்ஸ் அந்த ஆட்டத்தில் 130-120 என்று தோற்றது, அந்த சீசனில் 82 ஆட்டத்தில் ஜெயித்ததே 24தான். கடைசி நிமிடங்களில் தோற்பது உறுதியான பிறகும் டைம் அவுட் எடுத்து, ஃபவுல் செய்து, பந்தைத் திரும்ப வாங்கி அவரையே அடிக்க வைத்தார்கள். அன்று எழுந்த கேலி கொஞ்சநஞ்சமல்ல. உங்கள் தம்பி அப்போது எழுதியிருந்தால் அவரும் கேலி செய்திருப்பார்.

சரி, அந்த 70 எப்படி வந்தது என்று பிரித்துப் பாருங்கள். 40 ஷாட்டில் 21 உள்ளே. அதில் தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து போடும் மூன்று புள்ளி ஷாட் வெறும் நான்கு. எதிரணி ஃபவுல் செய்தால் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ 26 எடுத்து 24 போட்டிருக்கிறார். கை சூடாக இருந்து தூரத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டு போட்ட ராத்திரி அல்ல அது. உள்ளே நுழைந்து, மோதி, நடுவரை விசில் ஊத வைத்து எடுத்த புள்ளிகள் நிறைய. அப்படி அடிக்கத் தெரிந்தவன் டீம் தேறினாலும் அடிப்பான். நான்கு வருடம் கழித்து, 2021இல், அதே ஃபீனிக்ஸ் ஃபைனலில் ஆடியது.

எனவே 25 என்ற எண்ணை விட்டுவிட்டு, அதற்கு எத்தனை ஷாட் செலவானது என்று கேளுங்கள். 17 என்றால் நான் உங்கள் பக்கம். 26 என்றால் தம்பிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

கேள்வி: அடுத்த கோபி பிரையன்ட் இவன்தான் என்று எங்கள் நண்பர் குழுவில் முடிவே செய்துவிட்டோம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: நிஜ கோபியே முதல் சீசனில் சராசரியாக 7.6 புள்ளிதான். 1997இல், சீசன் முடிந்து பட்டத்துக்காக நடக்கும் பிளே ஆஃபில், யூட்டாவுக்கு எதிராகக் கடைசி நேரத்தில் வளையத்தைக்கூடத் தொடாத நான்கு ஷாட் போட்டார், வயது 18. அன்றைய உங்கள் குழு அவரை என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். யாரோடும் ஒப்பிடாமல் பையனைக் கொஞ்ச நாள் அவனாகவே ஆட விடுங்களேன்.

கேள்வி: எங்கள் பையனின் மூன்று புள்ளி சதவீதம் முதல் சீசனில் முப்பதைத் தாண்டவே இல்லை. ஷூட்டிங் கார்டு என்று பெயர் வைத்துக்கொண்டு ஷூட் செய்யத் தெரியாதவனை வைத்து என்ன செய்வது? ஆனால் ஃப்ரீ த்ரோ மட்டும் 85 சதவீதம். நீங்களோ எதைக் கேட்டாலும் ஃப்ரீ த்ரோவிலேயே வந்து நிற்கிறீர்கள். அதில் அப்படி என்ன இருக்கிறது?

பதில்: நிறைய இருக்கிறது. ஃப்ரீ த்ரோ ஒன்றில்தான் எதிரில் கை கிடையாது, அவசரம் கிடையாது, தூரம் எப்போதும் 15 அடி. பையனின் கை சுத்தமா, பந்து விரலை விட்டுப் போகும் விதம் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரியா என்பது அங்கேதான் கலப்படமில்லாமல் தெரியும். மூன்று புள்ளிச் சதவீதத்தில் ஆயிரம் கலப்படம்: யார் பாஸ் கொடுத்தார்கள், எவ்வளவு இடைவெளி இருந்தது, ஷாட் எடுக்க உள்ள 24 விநாடி முடியப்போகிறதென்று தூக்கிப் போட்டதா.

இன்னொன்று, எண்ணிக்கை. உண்மையிலேயே 36 சதவீதம் போடக்கூடிய ஒருவன் நூறு ஷாட் எடுத்தால் அது 31 ஆகவும் வரலாம், 41 ஆகவும் வரலாம். நான்கில் ஒரு முறை அதற்கும் வெளியே போகும். இது அதிர்ஷ்டக் கணக்கு, திறமைக் கணக்கு இல்லை. கல்லூரியில் ஒரே சீசன் ஆடிவிட்டு வருகிற பையனிடம் பெரும்பாலும் நூறு, நூற்றைம்பது ஷாட்டுக் கணக்குதான் இருக்கும், அதை வைத்துக்கொண்டு நாம் கல்வெட்டு செதுக்குகிறோம். போதாததற்கு என்பிஏவில் மூன்று புள்ளிக் கோடே தள்ளிப் போய்விடுகிறது. கல்லூரியில் இப்போது 22 அடி ஒன்றே முக்கால் அங்குலம், இங்கே நடுவில் 23 அடி 9 அங்குலம், ஓரத்தில் மட்டும் 22 அடி.

டைரீஸ் மேக்ஸியை எடுத்துக்கொள்ளுங்கள். கென்டக்கி கல்லூரியில் மூன்று புள்ளி 29.2 சதவீதம், ஃப்ரீ த்ரோ 83.3. நிறைய டீம்கள் முதல் எண்ணைப் பார்த்து ஒதுங்க, டீம்கள் வரிசையாகப் புதுப் பையன்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2020இல், 21வது ஆளாகப் போனார். இரண்டாவது சீசனிலேயே மூன்று புள்ளி 42.7. கை ஆரம்பத்திலிருந்தே நல்ல கைதான், தூரத்துக்குப் பழகக் கொஞ்சம் நேரம் தேவைப்பட்டது, அவ்வளவே.

எதிர்ப்பக்கம் மார்கெல் ஃபுல்ட்ஸ். கல்லூரியில் மூன்று புள்ளி 41.3, பார்த்தவர்கள் சொக்கிப் போனார்கள், 2017இல் முதல் ஆளாக எடுக்கப்பட்டார். ஃப்ரீ த்ரோ 64.9 என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் என்பிஏவில் அவருடைய ஷாட்டே தடுமாறிப் போனது. அவருக்குத் தோள் பக்க நரம்பில் பிரச்சினை இருந்தது, அதற்கு 2018 டிசம்பரில்தான் பெயர் கண்டுபிடித்தார்கள், எனவே பழி முழுவதையும் ஒரு சதவீதத்தின் மேல் போடுவது அநியாயம். இருந்தாலும் அந்த இரண்டு எண்களும் ஒன்றோடொன்று ஒட்டாமல் நின்றன. அந்த இடத்தில் டீமுக்கு ஆள் தேடும் ஸ்கவுட் இன்னொரு முறை யோசித்திருக்க வேண்டும்.

உங்கள் பையனை நான் வைத்துக்கொள்வேன். இன்னொரு சீசன் பொறுங்கள்.

கேள்வி: உயரம் 6 அடி 2 அங்குலம்தான். ஷூட்டிங் கார்டுக்கு இது போதுமா?

பதில்: கை எவ்வளவு நீளம்? டானவன் மிட்செல் ஷூ இல்லாமல் 6 அடி ஒன்றே கால் அங்குலம், ஆனால் விரித்த கை 6 அடி 10 அங்குலம். போதுமா போதாதா என்று அவருக்கு எதிராக ஆடியவர்களைக் கேளுங்கள். அதற்காக நீளக் கை இல்லாதவன் ஆகாதவன் என்றும் இல்லை. டெஸ்மண்ட் பேன் கை குட்டை, கல்லூரியில் நான்கு வருடம் ஆடியதால் வயதும் கூடிவிட்டது என்று சொல்லிச் சொல்லியே 2020இல் 30வது ஆள்வரை தள்ளிவிட்டார்கள். கல்லூரி முழுக்க மூன்று புள்ளி 43 சதவீதம் போட்டவர். 2025இல் அவரை வாங்க ஆர்லாண்டோ நான்கு முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்புகளைக் கொடுத்தது.

கேள்வி: எங்கள் பையன் கையில் பந்தே வருவதில்லை. சீனியர் ஒருவரே மொத்த ஆட்டத்தையும் நடத்துகிறார், இவன் மூலையில் நிற்கிறான். இவன் நல்லவனா கெட்டவனா என்று எதை வைத்துச் சொல்வது?

பதில்: இந்த மாதம் வந்ததிலேயே எனக்குப் பிடித்த கேள்வி இது. பந்து வராத நேரத்தில்தான் ஷூட்டிங் கார்டு யார் என்று தெரியும், நம் கண்தான் பந்தை விட்டு நகர மறுக்கிறது. அடுத்த ஆட்டத்தில் ஒரு கால் பகுதி முழுக்கப் பந்தை மறந்துவிட்டு அவனை மட்டும் பாருங்கள். முதல் இரண்டு நிமிடம் எரிச்சலாக இருக்கும், பிறகு பழகிவிடும்.

முதலில் பாதம். பந்து எதிர்ப்பக்கத்திலிருந்து காற்றில் வந்துகொண்டிருக்கும்போதே முழங்கால் மடங்கி, பாதம் தரையில் பதிந்து, கை மார்புக்கு நேரே விரிந்து தயாராக நிற்கிறானா? அல்லது விறைப்பாக நின்று பந்தைப் பிடித்து, அதை இடுப்புக்குக் கீழே இறக்கி, அப்புறம் குனிந்து, அப்புறம் எழும்புகிறானா? அந்த ஒரு இறக்கம் போதும், டிஃபெண்டர் இரண்டு எட்டில் முகத்துக்கு நேரே கையைக் கொண்டுவந்துவிடுவார். உள்ளே போகும் ஷாட்டுக்கும் போகாத ஷாட்டுக்கும் வித்தியாசம் பெரும்பாலும் பந்து வருவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

அடுத்து, அவனைக் காவல் காக்கிறவர். சீனியர் உள்ளே நுழையும்போது அந்த ஆள் இவனை விட்டுவிட்டு உதவிக்கு ஓடுகிறாரா, இல்லை இவனோடு ஒட்டிக்கொண்டே நிற்கிறாரா? எதிரணி ஆட்டத்துக்கு முன்பே படித்துவிட்டு வருகிறது. ஒரு ஷாட்கூட எடுக்காமல் ஒரு டிஃபெண்டரை மூலையிலேயே கட்டிப் போடுகிறவன் புள்ளிப் பட்டியலில் தெரியமாட்டான், சீனியர் போட்ட அந்த சுலப லே-அப்பில் பாதி இவனுடையது.

க்ளே தாம்சன் 2016 டிசம்பரில் இண்டியானாவுக்கு எதிராக 29 நிமிடத்தில் 60 புள்ளிகள் அடித்தார். அந்த ஆட்டம் முழுக்க அவர் பந்தைத் தரையில் தட்டியது 11 முறை. நான் சொல்வது பிழையல்ல, பதினொன்றுதான். மற்றதெல்லாம் ஓட்டம், டிஃபெண்டரை மறிக்கச் சக ஆட்டக்காரர் சுவராக நிற்கும் ஸ்கிரீனை உரசிக்கொண்டு திரும்புவது, வந்த பந்தை அப்படியே ஏற்றிவிடுவது.

இதில் ஒரு ஆறுதலும் உண்டு. பந்து கொடுக்காத டீமில் பையனின் மற்ற திறமைகள் மறைந்தே கிடக்கும். மேலே சொன்ன அதே புக்கர் கென்டக்கியில் ஒரு ஆட்டத்தில்கூடத் தொடக்க ஐவரில் இல்லை, எல்லாம் பெஞ்சிலிருந்து, சராசரி 10 புள்ளி, கூடையில் முடியும் பாஸ், அதாவது அசிஸ்ட், ஒன்று சொச்சம். அந்த டீம் அவ்வளவு பலமானது, 38 ஜெயித்து ஒன்றில்தான் தோற்றது. "வெறும் ஷூட்டர்" என்று முத்திரை குத்தினார்கள். என்பிஏவில் ஆட்டத்துக்கு ஆறேழு அசிஸ்ட் கொடுக்கிற சீசன்களும் வந்தன. பாஸ் கொடுக்கும் கண் திடீரென்று முளைக்கவில்லை, காட்ட இடம் கிடைத்தது.

கேள்வி: டிராஃப்டில் 13வது ஆளாக வந்தவன் மேல் இவ்வளவு நம்பிக்கை வைக்கலாமா?

பதில்: கோபி 1996, சாக் லவீன் 2014, புக்கர் 2015, மிட்செல் 2017, டைலர் ஹீரோ 2019. ஐந்து பேரும் ஷூட்டிங் கார்டு, ஐந்து பேரும் 13வது. ஜோசியத்தில் எனக்கு நம்பிக்கையில்லை, உங்களுக்கு இருந்தால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டிஃபென்ஸ் சுத்தமாக வரவில்லை. ஆட்டம் நெருக்கமாக இருந்தால் நாலாவது கால் பகுதியில் கோச் உட்கார வைத்துவிடுகிறார். வயிறு எரிகிறது.

பதில்: கோச்சைத் திட்டுவதற்கு முன் பையன் எப்படித் தோற்கிறான் என்று கவனியுங்கள். ஸ்கிரீன் வந்ததும் அதில் மோதி அப்படியே நின்றுவிடுகிறானா, தோளை நுழைத்துப் பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கிறானா? சரியான இடத்தில் நின்றும் எதிராளி பலசாலியாக இருந்ததால் தோற்றால் கவலை வேண்டாம், 20 வயது உடம்பு இன்னும் ஏறும். பந்தையே பார்த்துக்கொண்டிருந்து முதுகுக்குப் பின்னால் தன் ஆளைத் தொலைத்துவிட்டால்தான் கஷ்டம். அதை எடையும் ஜிம்மும் சரி செய்யாது. பிளே ஆஃபில் எதிரணி அந்த ஒருவனையே தேடிப் பிடித்து, ஒவ்வொரு முறையும் அவன் முன்னால் பந்தைக் கொண்டுபோய் நிறுத்தும். கோச் பயப்படுவது அதற்குத்தான்.

கேள்வி: மூன்றாவது சீசன் ஓடுகிறது. இவனைக் கொடுத்துவிட்டு 31 வயது ஆல் ஸ்டார் ஒருவரை வாங்கலாம் என்று பேச்சு. கொடுக்கலாமா?

பதில்: முதல் சுற்றில் எடுத்த பையனுக்கு ஒப்பந்தம் நான்கு வருடம், மூன்றாவது வருடம் முடிந்ததும் நீட்டிப்புப் பேசலாம். அதனால்தான் இந்த நேரத்தில் எல்லா டீமுக்கும் கை நடுங்குகிறது. டிரேசி மெக்ரேடி நினைவிருக்கிறதா? டொராண்டோவில் முதல் சீசன் 7 புள்ளி, மூன்றாவது சீசன் 15.4. 2000இல் ஆர்லாண்டோவுக்குப் போனார், போன முதல் சீசனே 26.8. டொராண்டோ ரசிகர்கள் அதை டிவியில் பார்க்க வேண்டியதாயிற்று.

ஒரு மெக்ரேடிக்கு எதிரே மூன்றாம் வருடத்துக்குப் பிறகு ஒரு அடிகூட நகராத பத்துப் பேர் இருப்பார்கள் என்பதும் தெரியும். எனவே நான் பார்ப்பது ஒன்றுதான்: போன சீசனில் அவனால் முடியாத ஏதாவது இந்த சீசனில் முடிகிறதா? இடது கையில் முடிப்பது, இரண்டு பேர் சூழ்ந்தால் பதறாமல் பாஸ் கொடுப்பது, ஃபவுல் வாங்கக் கற்றுக்கொண்டது, எதுவானாலும் சரி. ஆந்தனி எட்வர்ட்ஸ் கல்லூரியில் மூன்று புள்ளி 29.4 சதவீதம், முதல் என்பிஏ சீசனில் 32.9, 2024-25இல் 39.5, அந்த சீசனில் லீகிலேயே அதிக மூன்று புள்ளி போட்டவர் அவர்தான், மொத்தம் 320. ஒரே நாளில் நடந்ததல்ல.

நீங்கள் எழுதிய கடிதத்தில் பையன் இந்த வருடம் பிக் அண்ட் ரோலில் (சக ஆட்டக்காரர் ஸ்கிரீன் போட்டுவிட்டு வளையத்தை நோக்கி ஓடும் ஆட்டம்) பாஸ் கொடுக்கத் தொடங்கியிருக்கிறான் என்று ஒரு ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதை முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும். கொடுக்காதீர்கள். 31 வயது ஆல் ஸ்டார் வந்தால் ஃபைனல் நிச்சயம் என்கிற டீமாக இருந்தால் மட்டும் மறுபடி எழுதுங்கள், பேசுவோம்.