பிள்ளை பிறந்த முதல் கிழமை: கனடாவின் பூர்வகுடித் தாய்மார் பற்றிய கேள்விகளும் என் பதில்களும்

கேள்விகளை அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தேன். நிறைய வந்தன, ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் ஒன்ராறியோவில் 2009இலிருந்து சமூகப் பணியாளர். கடைசிச் சில வருடங்களாகப் பூர்வகுடி மக்களே நடத்தும் ஒரு நிலையத்தில், கர்ப்பிணிகளோடும் கைக்குழந்தைக்காரத் தாய்மாரோடும் வேலை. நான் பூர்வகுடிப் பெண் இல்லை, யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். அவர்களுடைய வழக்கங்களைப் பற்றி நான் சொல்வதெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தவளின் சொல் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மதுரையில் சமூகப்பணி படிக்கும் மாணவி: எல்லாத் தாயும் தாய்தானே அக்கா? பூர்வகுடித் தாய்க்கு மட்டும் தனி முறை எதற்கு?

தாய் எல்லாரும் தாய்தான். அரசாங்கம் எல்லாரையும் அப்படி நடத்தவில்லையே. நூறு வருடத்துக்கும் மேலாக, 1990கள் வரை, ஏறத்தாழ 1,50,000 பூர்வகுடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் போட்டார்கள். தாய்மொழி பேசினால் அடி. 1960களிலிருந்து இன்னொரு அலை: ஆயிரக்கணக்கான பிள்ளைகளைக் குழந்தை நலத் துறை எடுத்து, வெள்ளைக்காரக் குடும்பங்களுக்குத் தத்துக் கொடுத்தது. இன்றைய நிலை? 2021 குடிசன மதிப்பீட்டின்படி, 14 வயது வரையான பிள்ளைகளில் பூர்வகுடிப் பிள்ளைகள் 7.7 சதவீதம். அரசுப் பராமரிப்பில் வேறு வீடுகளில் வளரும் பிள்ளைகளில் அவர்கள் 53.8 சதவீதம்.

உங்கள் வீட்டில் முதல் பிள்ளை பிறந்தால் யார் வந்து நிற்பார்? அம்மா. பத்தியம் காய்ச்சுவா, தலைக்கு வார்ப்பா, பிள்ளை அழுதால் "வயிற்று வலி, குப்புறப் போடு" என்று சொல்லுவா. இங்கே எனக்கு முன்னால் இருக்கிற பெண்ணின் அம்மம்மா விடுதியில் வளர்ந்தவர். அம்மா யாரோ ஒருவர் வீட்டில் வளர்ந்தவர். இவளோ நான்கு வளர்ப்பு வீடுகள் மாறியவள். தாலாட்டை யாரிடம் கேட்டிருப்பாள்? வந்து நிற்க வேண்டிய ஆளை எடுத்துக்கொண்டு போன அதே அரசுதான், இப்போது படிவத்தோடு வந்து "பிள்ளை வளர்க்கத் தெரியுமா?" என்று கேட்கிறது. அந்த ஆளைத் திரும்ப உண்டாக்கிக் கொடுப்பதுதான் தனி முறை.

ஸ்காபரோவில் ஒரு தாதி: பிறப்பு எச்சரிக்கை நிறுத்தப்பட்டுவிட்டது என்கிறார்கள். அது உண்மையில் என்ன? நீங்களும் அனுப்பியிருக்கிறீர்களா?

அனுப்பியிருக்கிறேன், முன்பு குழந்தை நல வேலையில் இருந்தபோது. ஒரு கர்ப்பிணியின் நிலை "ஆபத்து" என்று குழந்தை நல அலுவலகத்துக்குப் பட்டால், அவளுக்குச் சொல்லாமலே சுற்றுவட்டார ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு தாள் போகும்: இந்தப் பெண் பிரசவத்துக்கு வந்தால் எங்களுக்கு அழையுங்கள். பிறகு எங்களில் ஒருவர் பிரசவ வார்டுக்குப் போவோம். காணாமற்போன, கொல்லப்பட்ட பூர்வகுடிப் பெண்கள் பற்றிய தேசிய விசாரணை 2019இல் இதை உடனே நிறுத்தச் சொன்னது. அந்த வருடமே பிரிட்டிஷ் கொலம்பியா நிறுத்தியது. மனிடோபாவும் ஒன்ராறியோவும் 2020இல்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படி ஒரு வார்டுக்கு நான் போனேன். கட்டில் ஓரத்தில் சிவப்பு வெல்வெட் துணியில் தைத்த, முன்பக்கம் குறுக்குக் கயிறு கட்டுகிற ஒரு சின்னப் பை இருந்தது. மணி வேலைப்பாட்டில் பூ ஒன்று, அதில் ஓர் இதழ் மட்டும் முடியாமல். அவளுடைய மாமி பிள்ளைக்காகத் தைத்துக்கொண்டிருந்த பை அது என்று பிறகு தெரிந்தது. நான் கோப்பில் எழுதினேன்: "தாய் போதிய ஆயத்தமின்றி இருக்கிறார்." கார் சீற் இல்லை என்பதைப் பார்த்தேன், பையைப் பார்க்கத் தெரியவில்லை. பிள்ளையை அன்றே தாயிடமிருந்து எடுத்துவிட்டோம்.

தாள் நின்றுவிட்டது, பழக்கம் முழுதாக நிற்கவில்லை. நீங்கள் தாதி, சந்தேகம் வந்தால் அறிவிக்கும் சட்டக் கடமை உங்களுக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் தொலைபேசியை எடுக்கும் முன் உங்களையே கேளுங்கள்: நான் காண்பது ஆபத்தா, வறுமையா? ஆபத்துத்தான் என்றால் தாயின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு அழையுங்கள், முதுகுக்குப் பின்னால் வேண்டாம்.

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர்: தையல், பாட்டு, சடங்கு... இதெல்லாம் சமூகப் பணியா? நேரப்போக்கு மாதிரித்தான் தெரிகிறது.

கோபம் வரவில்லை, நானும் அப்படித்தான் நினைத்தேன். மேலே சொன்ன பையின் பெயர் பாசிப் பை. பஞ்சுபோன்ற ஸ்பாக்னம் பாசியைக் காயவைத்து, குச்சியும் பூச்சியும் பொறுக்கி, பிள்ளைக்கு அடியில் வைத்துக் கட்டுவார்கள். ஈரத்தை நன்றாக உறிஞ்சும். டயப்பர் வருவதற்கு முந்தைய டயப்பர். இப்போது பாசி வைப்பவர் குறைவு, பையைத் தைப்பது நிற்கவில்லை.

எங்கள் நிலையத்தில் செவ்வாய்க்கிழமை தையல். நீள மேசை, ஒரு பெரிய பானை சூப், தலைமாட்டில் ஒரு பாட்டி. எட்டுக் கிழமையில் ஒரு பை முடியும். அலுவலக அறையில் "வீட்டில் அடிக்கிறாரா?" என்று நான் கேட்டால் எந்தப் பெண்ணும் வாய் திறக்க மாட்டாள். ஊசியில் மணி கோக்கும்போது, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல், தானாகவே சொல்லுவாள். பாட்டி "ம்" என்பார். ஐந்து நிமிடம் கழித்துத் தன் கதை ஒன்றைச் சொல்வார். ஐந்தாவது கிழமையில் அந்தப் பெண் வீட்டு வாடகைப் பிரச்சினையை என்னிடம் கொண்டுவருவாள். அங்கேதான் என் படிப்புக்கு வேலை: படிவம் நிரப்புவது, வீட்டுக்காரரோடு பேசுவது, நீதிமன்றத்துக்குக் கூடப் போவது. மற்ற நேரம் தேத்தண்ணி ஊற்றுவேன், பாத்திரம் கழுவுவேன்.

பிள்ளை எடுக்கப்படுமோ என்று பயந்து ஒளிந்துகொள்ளும் பெண் வைத்தியரிடமும் போகமாட்டாள். மேசைக்கு வருகிறவள் மருத்துவிச்சியிடமும் போகிறாள். இதைக் கண்ட பிறகுதான் எனக்குச் சந்தேகம் தீர்ந்தது.

மட்டக்களப்பிலிருந்து ஓய்வுபெற்ற மருத்துவிச்சி அம்மா: தூரக் கிராமத்துப் பெண்களைப் பிரசவத்துக்கு விமானத்தில் ஏற்றி அனுப்புவார்களாமே?

உண்மை அம்மா. வடக்குக் கிராமங்களில் கர்ப்பத்தின் 36 முதல் 38 கிழமைக்குள் பெண்ணை நகரத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். தெரியாத ஊரில் ஒரு விடுதி அறை, மூத்த பிள்ளைகள் வீட்டில். கூட ஒருவர் போவதற்கு மத்திய அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் செலவு தருவதென்று ஆனது 2017இல்தான்.

இப்படித்தான் இருக்க வேண்டும் என்றில்லை. கியூபெக்கின் வடக்கே, ஹட்சன் விரிகுடாக் கரையில் இருக்கும் புவிர்னிதுக் ஊரில் 1986இலேயே இனுவிட் என்ற வடபகுதிப் பூர்வகுடிப் பெண்கள் தங்கள் ஊரில் பிள்ளை பெறும் நிலையத்தைத் தொடங்கிவிட்டார்கள். ஊர்ப் பெண்களையே அங்கே வைத்து மருத்துவிச்சிகளாகப் பயிற்றினார்கள். ஆபத்தான பிரசவம் என்றால் மட்டும் தெற்கே அனுப்புவது. பிறகு இனுக்ஜுவாக், சலுயிட் ஊர்களுக்கும் அது போனது. ஒன்ராறியோவில் சிக்ஸ் நேஷன்ஸ் என்ற பூர்வகுடிச் சமூகத்தவர் 1996இல் தங்கள் பிரசவ நிலையத்தைத் திறந்தார்கள். உங்களைப் போன்றவர்களுக்கு அங்கே மரியாதை கூட.

பெயர் சொல்ல விரும்பாதவர்: தாய் போதைப்பொருள் பாவிப்பவர் என்றால்? அப்போதும் பிள்ளையை விட்டுவைப்பீர்களா?

எல்லா வேளையும் இல்லை. பிரிக்க வேண்டி வந்த குடும்பங்கள் எனக்கும் உண்டு. ஆனால் அதுதான் முதல் பதில் என்று நினைப்பது பிழை. வன்கூவரில் ஷீவே என்ற நிலையம் 1993இலிருந்து இப்படியான தாய்மாருக்காகவே இருக்கிறது. 'வளர்ச்சி' என்று பொருள்படும், கோஸ்ட் சாலிஷ் என்ற மேற்குக் கரைப் பூர்வகுடி மக்களின் சொல் அது. மத்தியானம் சூடாகச் சாப்பாடு, வைத்தியர், பால் மா, சமூகப் பணியாளர், எல்லாம் ஒரே கூரையின் கீழ். அதே நகரத்து மகளிர் ஆஸ்பத்திரியில் ஃபிர் ஸ்குவேர் என்ற பிரிவில் தாயையும் பிள்ளையையும் ஒரே அறையில் வைத்துப் பார்க்கிறார்கள். தாயின் மார்போடு கிடக்கிற பிள்ளை அமைதியாகிறது. இருட்டறையும் தோளில் சூடும் நல்ல மருந்து என்று அங்கே வேலை செய்பவர்கள் சொல்வார்கள்.

சென்னை வழக்கறிஞர்: சட்டம் துணை நிற்கிறதா?

நிற்கிறது. பூர்வகுடிப் பிள்ளைகளுக்கான மத்திய சட்டம் 2020 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. வறுமை, வீட்டு வசதிக் குறைவு, பெற்றோரின் உடல்நிலை இவை மட்டுமே காரணமாகப் பிள்ளையை எடுக்கக்கூடாது. பிரசவத்துக்கு முன்பே உதவி செய்வதற்கு முன்னுரிமை. எடுத்தே ஆகவேண்டுமென்றால் முதலில் பெற்றோரில் மற்றவர், பிறகு உறவினர், பிறகு அதே சமூகத்தவர் என்று வரிசை உண்டு. தங்கள் பிள்ளைகளுக்கான சட்டத்தைத் தாங்களே இயற்றவும் பூர்வகுடி மக்களுக்கு உரிமை. 2024 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதை முழுதாக ஏற்றது. நீதிமன்றத்தில் இந்தப் பிரிவுகளை வாய்விட்டுச் சொல்ல ஒருவர் வேண்டும். எப்போதும் இருப்பதில்லை.

மிசிசாகாவிலிருந்து ஒரு தம்பி: போரும் இடப்பெயர்வும் கண்ட நமக்கு அவர்கள் வலி சுலபமாகப் புரியும்தானே அக்கா?

அப்படி நினைத்துத்தான் நான் மூக்குடைபட்டேன், தம்பி. முதல் மாதம் ஒரு பாட்டியிடம் எங்கள் கதையை அரை மணி நேரம் சொல்லி, "நாங்களும் உங்களைப் போலத்தான்" என்று முடித்தேன். அவர் தேத்தண்ணி ஊற்றினார். பிறகு, "நீ ஓடிவந்து இறங்கியது யாருடைய நிலத்தில், மகளே?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, அதுதான் சுட்டது.

ஒப்பிடாமல் கேட்டுக்கொண்டிருந்தால் சில இடங்களில் தானாகத் தொடும். ஓர் இளம் தாய் தன் நச்சுக்கொடியை ஆஸ்பத்திரியிலிருந்து கேட்டு வாங்கி, ஊருக்குக் கொண்டுபோய் ஒரு மரத்தடியில் புதைத்தாள். எங்கள் அம்மம்மாவும் வளவில்தான் புதைத்தாராம். அதை நான் சொல்லவில்லை. குழி தோண்ட மண்வெட்டி பிடித்தேன். இன்னொன்று: மூத்தவர்களிடம் ஒன்றைக் கேட்கப் போனால் சிறு துணியில் முடிந்த புகையிலை கொடுத்துக் கேட்பது பல சமூகங்களில் வழக்கம். வெற்றிலை வைத்து அழைத்த வீட்டுப் பிள்ளைக்கு இதைப் புரியவைக்கத் தேவையில்லை.

பிரம்டனிலிருந்து ஓர் அம்மா: எங்கள் கோயில் பெண்கள் உதவ விரும்புகிறோம். என்ன கொடுக்கலாம் பிள்ளை?

பிறந்த குழந்தை அளவில் டயப்பர் வேண்டாம் அன்ரி, எல்லாரும் அதைத்தான் தருகிறார்கள். இரண்டாம், மூன்றாம் அளவு தாருங்கள். பழைய உடுப்பு மூட்டை வேண்டாம். புதுக் கார் சீற் இருந்தால் மிகவும் நல்லது. பழையதென்றால் அடியில் ஒட்டியிருக்கும் காலாவதித் திகதியைப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.