இகாரஸ் நீந்தவில்லை

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு ஏழு வயது. தூங்கப்போகும்போது தினமும் ஒரு நாட்டுப் புராணக் கதை சொல்கிறேன். எந்தக் கதையை எந்த வயதில் சொல்லலாம்? 'இது நிஜமா?' என்று கேட்டால் என்ன சொல்வது? சாவு வருகிற கதைகளில் மட்டும் முடிவை மாற்றிவிடுகிறேன். மெழுகு இறக்கை கட்டிப் பறந்து, சூரியச் சூட்டில் அது உருகி விழுந்த கிரேக்கக் கதையின் இகாரஸ், என் கதையில் கடலில் விழுந்து, நீந்திக் கரையேறிவிட்டான். இது தவறில்லையே?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கும் ஒரு வாசகி)

அன்புள்ள சகோதரிக்கு,

நாள் முழுக்க ஓடிவிட்டு, கண் சொக்கும் நேரத்தில் பிள்ளைக்குக் கதை சொல்கிறீர்களே, அதற்கே உங்களுக்கு ஒரு கும்பிடு. வயது, வரிசை எல்லாம் கிடக்கட்டும். அனான்சியைச் சொல்லுங்கள். ஆப்பிரிக்காவில் கானா நாட்டு அகான் மக்களின் கதைகளில் வரும் சிலந்தி. வானக் கடவுளிடம் கதைகளை விலைக்கு வாங்கப் போய், மழை வந்துவிட்டதென்று புளுகிக் குளவிக் கூட்டத்தையே சுரைக்குடுவைக்குள் புகவைத்தவன். எந்த வயதிலும் சிரிப்பு வரும். நிஜமா என்று கேட்டால் 'நீ என்ன நினைக்கிறாய்?' என்று திருப்பிக் கேளுங்கள், போதும்.

ஆனால் இகாரஸை யாரைக் கேட்டு நீந்தவைத்தீர்கள்? மகனைத் தேடும் அப்பன் கண்ணில் படுவது அலையில் மிதக்கும் இறகுகள். அவனைப் புதைத்த தீவுக்குத்தான் இகாரியா என்று பெயர். ஏஜியன் கடலில் இன்றைக்கும் இருக்கிறது. உங்கள் மகள் ஒருநாள் வரைபடத்தைப் பார்ப்பாள். அப்போது என்ன செய்வதாக உத்தேசம்?

கோபப்படாதீர்கள். இதே தப்பை நானும் செய்தவன். அதனால்தான் உங்கள் கடிதத்தை ஒதுக்கிவைக்க முடியவில்லை.

பல வருடங்களுக்கு முன் ஒரு பள்ளியில் கதை சொல்லக் கூப்பிட்டிருந்தார்கள். வட ஐரோப்பியர்களின் கடவுளான பால்டரின் கதையை எடுத்துக்கொண்டேன். 1220 வாக்கில் ஐஸ்லாந்தில் ஸ்நோரி என்ற எழுத்தாளர் எழுதிவைத்தது. மகனுக்குச் சாவு வருமென்று பயந்த தாய் ஃப்ரிக், தீ, தண்ணீர், இரும்பு, கல், நோய், பாம்பு என்று ஒவ்வொன்றிடமும் 'அவனை ஒன்றும் செய்யமாட்டேன்' என்று சத்தியம் வாங்குகிறாள். புல்லுருவியை மட்டும், பச்சைக் குழந்தை மாதிரி இருக்கிறதே, இதனிடம் என்ன சத்தியம் கேட்பது என்று விட்டுவிடுகிறாள். சூழ்ச்சிக்காரனான லோகி அதையே பால்டரின் கண் தெரியாத சகோதரன் கையில் கொடுத்து எறியவைக்கிறான். பால்டர் செத்து விழுகிறான். உலகத்தில் எல்லாமே அவனுக்காக அழுதால் திருப்பி அனுப்புகிறேன் என்கிறாள் பாதாளத்து அரசி ஹெல். கல்லும் உலோகமும்கூட அழுகின்றன. குகையில் இருக்கும் ஓர் அரக்கி மட்டும் அழமாட்டேன் என்றுவிடுகிறாள். அவ்வளவுதான், பால்டர் வரவில்லை.

அந்த இடத்துக்கு வரும்போது முன்வரிசைப் பிள்ளைகளின் முகம் வாடியிருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. அரக்கியையும் அழவைத்து, பால்டரை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். ஒரே கைதட்டல்.

எல்லோரும் போன பிறகு ஒரு பையன் மட்டும் நின்றான். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே கேட்டான்: "எங்க அப்பாவுக்கும் எல்லாரும் அழுதாங்க. யார் சார் அழாம விட்டது?"

நான் சொன்ன முடிவு பொய் என்று சொல்ல வாய் வரவில்லை. அதற்குள் டீச்சர் வந்து அவனைக் கூட்டிப்போய்விட்டார்.

இன்றிரவு இகாரஸ் கதையை மறுபடி சொல்லுங்கள். 'போன தடவை அம்மா தப்பாகச் சொல்லிவிட்டேன்' என்று மகளிடம் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள்.