பிஈ 5 எண்டா மலிவா? சிப், கெப்பாசிட்டர் பங்குகள் பற்றி நீங்க கேட்டதும் என்ட பதிலும்

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு அக்கா: மெமரி சிப் கம்பெனி ஒண்டு பிஈ 5க்குக் கிட்ட இருந்தா மலிவுதானே, வாங்கலாமா?

அக்கா, வேற துறை எண்டா மலிவு, இதில பெரும்பாலும் அது எச்சரிக்கை. பிஈ எண்டா பங்கு விலை, ஒரு பங்குக்கு வாற வருச இலாபத்துக்கு எத்தின மடங்கு எண்டது. அந்தக் கணக்குல வாறது உச்சத்துல நிக்கிற இந்த வருசத்து இலாபம், அது நிலைக்காது. படுவான்கரையில போன போகம் நெல்லுக்கு நல்ல விலை கிடைச்சா அடுத்த போகம் எல்லாரும் கூட விதைப்பாங்க, அறுவடை ஒண்டா வந்து விழும், விலை சறுக்கும். மெமரியும் அப்படித்தான், என்ன ஒண்டு, புது பெக்டரி கட்டி ஓட வைக்க ரெண்டு மூணு வருசம் எடுக்கும், அதுக்குள்ள எல்லாரும் கட்டிடுவாங்க. அமெரிக்க மெமரி கம்பெனி மைக்ரோனப் பாருங்க, 2018 நிதியாண்டுல 30.4 பில்லியன் டொலர் விற்பனை, 14.1 பில்லியன் நிகர இலாபம், அப்பதான் பிஈ 5க்குக் கிட்ட நிண்டது. 2020ல இலாபம் 2.7 பில்லியன், 2023ல 5.8 பில்லியன் நட்டம், பிஈயே போட ஏலாது. ஆனா அந்த 2023ல பங்கு விலை ஏறினது! சந்தை அடுத்த வருசத்தத்தான் பாக்குது. அதால எட்டுப் பத்து வருசத்து சராசரி இலாபத்த எடுத்து இண்டைய விலையோட ஒப்பிடுங்க, புக் வெல்யூவுக்கு, அதாவது கம்பெனிட சொத்துல கடனக் கழிச்ச மிச்சத்துக்கு, எத்தின மடங்குல விக்குது எண்டும் அதே கம்பெனிட பழைய வருசங்களோட வச்சுப் பாருங்க.

அக்கரைப்பற்றுத் தம்பி: அப்ப நட்டத்துல இருக்கிறதாப் பாத்து வாங்கினா சரியா?

இல்ல தம்பி, உயிரோட கரை சேருமா எண்டுதான் முதல்ல பாக்கணும். ஜேர்மனியில கிமொண்டா எண்ட மெமரி கம்பெனி 2009 ஜனவரியில வங்குரோத்து, ஜப்பான்ல எல்பிடா எண்ட மெமரி கம்பெனி 2012 பெப்ரவரியில வங்குரோத்து, 2013ல அத மைக்ரோன் வாங்கினது, பழைய எல்பிடா பங்குதாரருக்கு ஒண்டும் மிஞ்சல்ல. ரெண்டு கம்பெனியும் புக் வெல்யூப்படி மலிவாத் தெரிஞ்சிருக்கும், அத நம்பி வாங்கினவங்கட காசு முழுக்கப் போச்சு. அதால முதல் வேல கடன் எவ்வளவு, எப்ப கட்டணும், கையில காசு எவ்வளவு எண்டு பாக்கிறது. அடுத்தது ஸ்டொக், அதாவது விக்காமக் கிடக்கிற சரக்கு, விற்பனை விழ விழ ஸ்டொக் ஏறுதெண்டா இன்னும் பொறுங்க. கம்பெனியளே உற்பத்தியக் குறைக்கத் தொடங்கி ஸ்டொக்கும் இறங்க ஆரம்பிச்சா அதுதான் நான் கூர்ந்து பாக்கிற நேரம். 2022 நவம்பர்ல மைக்ரோன் வேஃபர் (சிப் செய்ற சிலிக்கன் தட்டு) உற்பத்திய 20 வீதம் அளவில குறைக்கிறம் எண்டு சொன்னது, 2023 ஏப்ரல்ல சாம்சங்கும் குறைக்கிறதா அறிவிச்சது.

காத்தான்குடியில போன் ரிப்பெயார் கடை வச்சிருக்கிற நானா: இந்தச் சின்ன செராமிக் கெப்பாசிட்டர் செய்றவங்களும் இதே கதைதானா?

பாதி இதே கதை நானா. கெப்பாசிட்டர் எண்டா மின்சாரத்தக் கொஞ்ச நேரம் பிடிச்சு வச்சு விடுற சின்னச் சாமான். நீங்க கையில எடுக்கிற ஒரு போன்லயே ஆயிரம் அளவில இருக்கும், ஒண்டு கிடைக்காட்டியும் போன் வெளிய வராது, அதால தட்டுப்பாடு எண்டு சத்தம் வந்த உடன வாங்கிறவங்க ஒரே தேவைக்கு ரெண்டு மூணு கம்பெனிக்கு ஓடர் போடுவாங்க, சரக்கு வந்த உடன மிச்சத்தக் கென்சல் பண்ணுவாங்க. 2018ல கெப்பாசிட்டர் செய்ற தாய்வான் கம்பெனி யாகியோட பங்கு ஆயிரம் தாய்வான் டொலரத் தாண்டிப் போய், அந்த வருச முடிவில உச்ச விலையில மூண்டில ஒண்டுக்கும் கீழ இறங்கிட்டு. தட்டுப்பாட்டு நேரத்து ஓடர் புக்க நம்பவே வேணாம். ஜப்பான்ட முராட்டா வாகனத்துக்குப் போற உயர்தரச் சாமான் கூடச் செய்றதால இலாபம் இவ்வளவு ஆடாது, ஆனா அடிமாட்டு விலைக்கும் வராது. என்ட விருப்பம் முராட்டாதான்.

மட்டக்களப்பு டவுன்ல இருந்து: இங்க இருந்து எப்படி வாங்கிறது?

2017ம் ஆண்டு அந்நியச் செலாவணிச் சட்டத்துக்குக் கீழ பேங்க் மூலமா வெளிநாட்டுல முதலீடு செய்றதுக்கான கணக்கு (Outward Investment Account) திறக்கணும், எவ்வளவு அனுப்பலாம் எண்டது மாறிக்கொண்டே இருக்கும், பேங்க்ல கேளுங்க. "என்ட அக்கவுண்ட்ல வாங்கித் தாறன்" எண்டு வாறவங்களிட்ட ஒரு சதமும் குடுக்காதீங்க. கொழும்புச் சந்தையில எண்டா மின்வயர் செய்ற ஏசிஎல், களனி கேபிள் இருக்கு, செப்பு விலையும் கட்டட வேலையும் ஆட்டி வைக்கிற பங்குகள், சராசரிக் கணக்கு அதுக்கும் பொருந்தும்.

சம்மாந்துறை வாசகர்: எப்ப விக்கிறது?

வாங்கிறதவிட இது கஷ்டம். பத்து வருசத்துல புக் வெல்யூவுக்கு எத்தின மடங்கு வரை போயிருக்கோ அந்த உச்சத்துக்குக் கிட்ட வந்தா, எல்லாரும் புது பெக்டரி அறிவிச்சா, மூண்டில ஒரு பங்கா வித்துக்கொண்டு வாங்க. ஏஐக்குப் போற எச்பிஎம் எண்ட அதிவேக மெமரியால இனிச் சரிவே வராது எண்டு சொல்றாங்க, ஓடர் முன்கூட்டியே வாறது உண்மைதான், ஆனா சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரோன் மூண்டு பேரும் ஒரே நேரத்துலதான் உற்பத்திய விரிக்கிறாங்க, அதால சராசரி இலாபக் கணக்க நான் விடமாட்டன்.