அறுவைச் சிகிச்சைக்குப் பின் தரும் ட்ரமடால் பழக்கமாகிவிடுமா?

தாடை அறுவை முடிந்த தம்பிக்கு ட்ரமடால் (அபின் வகையைச் சேர்ந்த வலி மருந்து) எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், பழக்கமாகிவிடுமோ என்று பயந்து கேட்டிருக்கிறீர்கள். எனக்கு ஆனது. நான் மருத்துவர் அல்ல, பட்டதை எழுதுகிறேன்.

2019இல் பைக்கிலிருந்து விழுந்ததில் கீழ்த்தாடை இரண்டு இடத்தில் உடைந்து, டைட்டானியம் தகடு வைத்தார்கள். (தலைக்கவசம் போட்டிருந்தேன். தாடையை மூடாத அந்த அரைக் கவசத்தை விற்க ஏன்தான் விடுகிறார்களோ, இன்றும் ஆத்திரமாக வருகிறது.) ஐந்து நாளுக்கு எழுதிய ட்ரமடால் கேப்ஸ்யூலை மூன்று மாதம் விழுங்கினேன்.

எலும்பு வலி பத்தாம் நாளே அடங்கிவிட்டது. ஆனால் கீழுதடு மரத்துப் போயிருந்தது. காப்பி குடித்தால் உதட்டோரம் வழியும். சட்டை நனைந்த பிறகுதான் தெரியும். எதிரே இருப்பவர் பார்வையைத் திருப்பிக்கொள்வார். கேப்ஸ்யூல் போட்டால் அது மனதில் தைக்காது, தூக்கமும் வரும். போதைக்காகத்தானே போட்டாய் என்று சொல்ல வருபவர்கள் ஒரு வாரம் அந்த முகத்தோடு கடைத்தெருவுக்குப் போய் வரட்டும்.

அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2017இல் வெளியிட்ட ஆய்வில், அதற்கு முன் இந்த அபின் வகை வலி மருந்தே எடுக்காதவர்களிலும் சுமார் 6 சதவீதம் பேர் அறுவை முடிந்து மூன்று மாதத்துக்குப் பிறகும் அதை வாங்கியிருக்கிறார்கள். அறுவை சிறியதா பெரியதா என்பதால் பெரிய வித்தியாசம் இல்லை. புகை, மது, மனப்பதற்றம், மனச்சோர்வு, ஏற்கெனவே இருந்த நாள்பட்ட வலி ஆகியவைதான் ஆபத்தைக் கூட்டின. அது முக அறுவைக்கென்று செய்த ஆய்வு அல்ல, தெரியும். ஆனால் நான் சிகரெட் பிடிப்பவன். பதற்றத்துக்கு அல்பிரசோலமும் எடுத்துக்கொண்டிருந்தேன். அதுவும் ட்ரமடாலும் சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகலாம். சீட்டு எழுதியவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 2018லேயே ட்ரமடால் போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்துவிட்டது; மடிப்பில் கிழிந்த அதே பழைய சீட்டுக்கு மருந்துக்கடையில் மூன்று மாதமும் கொடுத்தார்கள்.

திடீரென்று நிறுத்தினேன். வியர்வை, ஓயாத கொட்டாவி, இரவெல்லாம் கால் குடைச்சல். பிறகு ஒரு மனநல மருத்துவர்தான் அளவைப் படிப்படியாகக் குறைத்து விடுவித்தார்.

சீட்டை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். தம்பிக்குப் புகை, தூக்க மாத்திரை உண்டா என்பதை மருத்துவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். உதட்டில் உணர்ச்சி இருக்கிறதா என்று தம்பியிடம் இன்றே கேளுங்கள், அவராகச் சொல்லமாட்டார். எனக்கு அது திரும்ப எட்டு மாதம் ஆனது.