மூன்று கொட்டேஷன், மூன்று கட்டடம்

கேள்வி: எங்கள் ஊர்ச் சமுதாயத்துக்குக் கல்யாண மண்டபம் கட்டப் போகிறோம், ஏறக்குறைய 6,000 சதுர அடி. மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கினோம். மார்த்தாண்டத்துக்காரர் 1 கோடியே 58 லட்சம், நாகர்கோவில்காரர் 1 கோடியே 74 லட்சம், பாறசாலைக்காரர் 1 கோடியே 42 லட்சம். கமிட்டியில் பாதிப் பேர் குறைந்ததற்கே கொடுப்போம் என்கிறார்கள், மீதிப் பேர் கேரளாக்காரரை எப்படி நம்புவது என்கிறார்கள். யாருக்குக் கொடுப்பது?
- வாசகர், களியக்காவிளை

பதில்: களியக்காவிளையில் இருந்துகொண்டு பாறசாலையை வெளியூர் என்கிறீர்களே, பஸ் ஏறினால் டிக்கெட் கிழிப்பதற்குள் வந்துவிடுமே! சரி, அதை விடுங்கள்.

நீங்கள் அனுப்பிய மூன்று தாள்களையும் பார்த்தேன். மூன்றிலும் லெட்டர்பேடு நன்றாக இருக்கிறது, அடியில் ஒரு மொத்தத் தொகை இருக்கிறது, நடுவில் ஒன்றுமே இல்லை. 1 கோடியே 42 லட்சத்தில் ஜி.எஸ்.டி. சேர்த்தியா இல்லையா என்று கேட்டீர்களா? மார்த்தாண்டத்துக்காரர் 'வரி உட்பட' என்று எழுதியிருக்கிறார், பாறசாலைக்காரர் அதைப் பற்றி மூச்சே விடவில்லை. கான்ட்ராக்ட் வேலைக்கு வரி 18 சதவீதம். அதைப் போட்டால் இன்னொரு 25 லட்சத்து 56 ஆயிரம் ஏறும், உங்கள் 'குறைந்த விலை' 1 கோடியே 67 லட்சத்தைத் தாண்டிவிடும். நாகர்கோவில்காரர் செப்டிக் டேங்க், காம்பவுண்டு சுவர் எல்லாம் சேர்த்திருக்கிறார், மற்ற இருவரும் சேர்க்கவில்லை. ஆக மூன்று பேரும் விலை சொல்லியிருப்பது மூன்று வேறு கட்டடங்களுக்கு. இதில் யார் குறைவு என்று ஒப்பிடவே வழியில்லை.

முதலில் ஒரு எஞ்சினியருக்குக் காசு கொடுத்து முழு டிராயிங்கும் கம்பி விவரமும் போட்டு, அதிலிருந்து அளவுப் பட்டியல் எடுங்கள். வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டுவது இத்தனை கன மீட்டர், கருங்கல் கட்டு இத்தனை, கான்கிரீட் இத்தனை, கம்பி இத்தனை டன் என்று வரிசையாக. விலை எழுத வேண்டிய இடத்தை மட்டும் காலியாக விட்டு மூவருக்கும் ஒரே தாளைக் கொடுங்கள். இதைத்தான் ஐட்டம் ரேட் டெண்டர் என்கிறோம். வேலை நடக்க நடக்க அளந்து, அளந்ததற்கு மட்டும் பணம். மொத்தமாக ஒரு தொகை பேசுகிற லம்ப்சம் முறை தப்பே இல்லை, ஆனால் டிராயிங் முழுதாக முடிந்து, மண்ணுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதும் தெரிந்திருந்தால்தான் அது சரிப்படும். நம் பக்கத்து மண்ணை உங்களுக்கே தெரியும், மூன்றடி செம்மண், அப்புறம் நாலு ஆனை படுத்திருக்கிற மாதிரி பாறை. குழித்துறைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் லம்ப்சம் பேசிவிட்டுப் பாறை வந்ததும், உடைக்கிற செலவு யாருடையது என்ற சண்டையில் நாலு மாதம் வேலை நின்றது. அந்தக் கமிட்டியில் நானும் இருந்தேன், ஒப்பந்தத்தில் பாறை என்ற வார்த்தையே இல்லை என்பதைக் கையெழுத்துப் போடும்போது நானும்தான் கவனிக்கவில்லை.

ஐட்டம் ரேட்டிலும் ஒரு சூது உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பட்டியலில் பாறை உடைப்பு 10 கன மீட்டர் என்று குத்துமதிப்பாகப் போட்டிருப்பீர்கள். கான்ட்ராக்டர் இடத்தைப் பார்த்ததுமே இங்கே 140 கன மீட்டராவது வரும் என்று கணக்குப் போட்டு, அந்த ஒரு ஐட்டத்துக்கு 3,500 ரூபாய் எழுதிவிட்டு, பெயின்ட், தரை மாதிரி ஐட்டங்களில் குறைத்துக்கொள்வார். இன்னொருவர் அதே பாறைக்கு 1,200 எழுதுகிறார் என்று வையுங்கள். டெண்டர் திறக்கிற அன்று இருவருக்கும் அந்த வரியில் வித்தியாசம் வெறும் 23,000 ரூபாய், யாரும் கவனிக்க மாட்டார்கள். வேலை முடியும்போது வித்தியாசம் 3 லட்சத்து 22 ஆயிரம். அதனால் மொத்தத்தை மட்டும் பார்க்காமல் ஒவ்வொரு வரியின் ரேட்டையும் பாருங்கள். முதல் இரண்டு மாத வேலைக்கு மட்டும் ரேட் தூக்கலாக இருந்தால், பணத்தை முன்கூட்டி உருவிக்கொள்ளப் பார்க்கிறார் என்று அர்த்தம். அதைவிட முக்கியம், பட்டியல் போடும் முன்பே நாலு இடத்தில் குழி தோண்டிப் பாருங்கள், ஒரு நாள் ஜே.சி.பி. வாடகைதான்.

மூவரையும் ஒரே அறையில் உட்கார வைத்துப் பேரம் பேசலாமா என்று கடிதத்தின் பின்பக்கத்தில் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அரசு வேலையிலேயே குறைந்த விலை கேட்டவரிடம் மட்டும்தான் பேசிக் குறைக்கலாம், 1998ஆம் வருடத்துத் தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்திலும் அப்படித்தான். உங்களை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது, ஆனாலும் அதில் நியாயம் இருக்கிறது. ஒருவர் விலையை இன்னொருவரிடம் காட்டிக் காட்டிக் குறைத்தால், குறைத்த பணத்தை சிமென்டில் எடுப்பார்.

கேள்வி: 'இரண்டு கவர் டெண்டர்' என்றால் என்ன? தாலுகா ஆபீஸ் போர்டில் பார்த்தேன்.
- வாசகி, செங்கோட்டை

பதில்: முதல் கவரில் முன்வைப்புத் தொகை (டெண்டர் போடும்போது கட்டுகிற டெபாசிட்), இதுவரை செய்த வேலைகள், மெஷின், வரவு செலவு. இரண்டாவது கவரில் விலை. முதல் கவரில் தேறாதவருடைய இரண்டாவது கவரைத் திறக்கவே மாட்டார்கள். இப்போது பெரும்பாலும் கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது, கவர் என்ற பேர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்னொன்று, தமிழ்நாட்டு விதிப்படி 2 கோடி வரைக்குமான வேலைக்கு டெண்டர் போட 15 நாளாவது அவகாசம் தர வேண்டும், அதற்கு மேல் என்றால் 30 நாள். போர்டில் தேதியையும் பாருங்கள்.

கேள்வி: எங்கள் பஞ்சாயத்தில் வாய்க்கால் வேலையை டெண்டர் விடாமல் 'குணபோக்த்ரு கமிட்டி'க்குக் கொடுக்கிறார்கள். இது நல்லதா, ஏமாற்றா?
- வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: தமிழில் பயனாளிகள் குழு. 1996இல் கேரளத்தில் மக்கள் திட்டம் வந்தபோது பெரிதாகப் பரவிய முறை இது. வாய்க்கால் யார் வயலுக்கோ, அவர்களே கூடிக் குழு அமைத்து ஒரு கன்வீனரைத் தேர்ந்தெடுத்து வேலையைச் செய்வது. கான்ட்ராக்டரின் லாபம் மிச்சம், தன் வயலுக்குத் தண்ணீர் வர வேண்டும் என்பதால் வேலையும் ஒழுங்காக இருக்கும், இதுதான் யோசனை. சின்ன வாய்க்கால், நடைபாதை, கிணறு இதற்கெல்லாம் எனக்கு இந்த முறை பிடிக்கும். கோளாறு எங்கே வருகிறது என்றால், கன்வீனர் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு, பின்னால் ஒரு கான்ட்ராக்டர் வேலை செய்கிறபோதுதான். அப்போது டெண்டரில் இருக்கிற போட்டியும் கிடையாது, குழுவில் இருக்க வேண்டிய அக்கறையும் கிடையாது. கூலிச் சீட்டில் யார் பேர் இருக்கிறது, சிமென்டு பில் யார் பேரில் வந்தது என்று ஊர்க் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள், அதற்குள் விஷயம் தெரிந்துவிடும்.

தொழிலாளிகளே சேர்ந்து பெரிய வேலை எடுக்க முடியாதா என்றும் கேட்டிருந்தீர்கள். ஏன் முடியாது? வடகரைப் பக்கம் 1925இல் தொடங்கிய ஊராளுங்கல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் உங்கள் மாநிலத்தில்தானே இருக்கிறது. 2016இல் திறந்து 2019இல் மூட வேண்டி வந்த பாலாரிவட்டம் மேம்பாலத்தை, டெல்லி மெட்ரோ நிறுவனத்தின் பொறுப்பில் திருத்திக் கட்டியது அவர்கள்தான், 2021 மார்ச்சில் திரும்பவும் திறந்தார்கள். ஆனால் அது பல பத்து வருஷப் பழக்கம், போன மாதம் கூடிய குழுவோடு அதை ஒப்பிட முடியாது.

கேள்வி: ஆந்திராவில் ரிவர்ஸ் டெண்டர் வைத்துக் கோடிகளை மிச்சம் பிடித்தார்கள் என்றார்கள், இப்போது அதையே எடுத்துவிட்டார்களாம். எது சரி?
- வாசகர், நகரி

பதில்: விலைக் கவரைத் திறந்த பிறகு, அதில் குறைந்த விலையை ஆரம்பமாக வைத்து இன்னும் யார் குறைப்பீர்கள் என்று கம்ப்யூட்டரில் ஏலம் விடுவதுதான் ரிவர்ஸ். மீன் ஏலத்தைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி. 2019இல் போலவரம் அணை வேலையில் வைத்ததுதான் பேர் வாங்கியது, 2024இல் புதிய அரசு அந்த முறையையே ரத்து செய்தது. அரசியலை நான் தொடவில்லை. சிமென்டு, கம்பி, மோட்டார் மாதிரி, யார் கொடுத்தாலும் ஒரே தரம் என்று சோதித்து வாங்கக்கூடிய பொருளுக்கு ரிவர்ஸ் நல்ல முறை, தாராளமாக வைக்கலாம். அஸ்திவாரத்தில் என்ன வரும் என்றே தெரியாத வேலைக்கு, மணி ஓடிக்கொண்டிருக்கிற சூட்டில் ஒருவர் விலையை இறக்கிக்கொண்டே போனால், ஆறு மாதம் கழித்து 'கூடுதல் வேலை' என்று ஒரு பில் வரும், இல்லையென்றால் ஆளே வரமாட்டார்.

கேள்வி: மகன் துபாயில். வீட்டு வேலையைப் பிளானிலிருந்து சாவி வரை ஒரே கம்பெனிக்குக் கொடுத்துவிடலாம் என்கிறான். எனக்கு வயது 71, தினமும் போய்ப் பார்க்க முடியாது.
- வாசகர், கொல்லங்கோடு

பதில்: ஐயா, உங்கள் நிலைமைக்கு மகன் சொல்வதுதான் தோது. லேபர் கான்ட்ராக்ட் விட்டுப் பொருளை நீங்கள் வாங்கிக் கொடுப்பது மலிவு, ஆனால் மணல் லாரிக்கும் கம்பிக் கடைக்கும் நடுவே நீங்கள்தான் ஓட வேண்டும். ஒரே கம்பெனி என்றால் டிசைன் தப்பா, கட்டினது தப்பா என்று ஒருவர் மேல் ஒருவர் பழி போடவும் முடியாது. ஒரு நிபந்தனை மட்டும், அந்தக் கம்பெனியோடு சம்பந்தமே இல்லாத எஞ்சினியர் ஒருவரை உங்கள் சார்பில் வையுங்கள். அஸ்திவாரம், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட்), ரூஃப் என்று ஒவ்வொரு கட்டத்திலும், கான்கிரீட் போடும் முன்னால் கம்பியைப் பார்த்து அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மகன் பணம் அனுப்ப வேண்டும். கடைசித் தவணையில், மொத்தத் தொகையில் 5 சதவீதத்தைப் பிடித்து வைத்து, ஒரு இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) முழுதாகப் பெய்து முடிந்த பிறகு, மொட்டை மாடி ஒழுகவில்லை என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.