கொரியா கதவைத் திறந்த விதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உலகத்துக்குத் திறந்துவிட்டால் நம் அடையாளம் கரைந்துபோகும் என்பது என் எண்ணம். 'தென்கொரியாவைப் பார், திறந்துவிட்டுத்தானே உலகையே பிடித்தார்கள்' என்கிறான் நண்பன். அங்கே உள்ளூர் சினிமாவுக்குச் சட்டப் பாதுகாப்பு இருந்ததே என்று நான் வாதாடுகிறேன். யார் சொல்வது சரி?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

ஆளுக்குப் பாதிக் கதையை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள்.

நீங்கள் சொல்லும் பாதுகாப்பு உண்மைதான். 1960களிலேயே வந்த ஏற்பாடு அது. பிற்பாடு ஒவ்வோர் அரங்கும் ஆண்டுக்கு 146 நாள் கொரியப் படம் ஓட்டவேண்டும் என்றானது. ஆனால் பாதுகாப்பு மட்டுமே இருந்த காலத்தில் என்ன நடந்தது தெரியுமா? வெளிநாட்டுப் படத்தை இறக்குமதி செய்ய உரிமம் வேண்டுமென்றால் உள்ளூர்ப் படம் எடுத்துக் காட்டவேண்டும். பணம் ஹாலிவுட் படத்தில்தான். ஆகவே கணக்குக் காட்டுவதற்காக, அவசரக் கோலம் அள்ளித் தெளித்தாற்போலப் பல படங்கள் வந்தன. போதாததற்கு ராணுவ ஆட்சியின் தணிக்கை வேறு. சொந்த நாட்டைப் பற்றி உண்மை பேச முடியாத சினிமா எந்த அடையாளத்தைக் காக்கும்?

1988-ல் ஹாலிவுட் நிறுவனங்கள் நேரடியாகப் படம் வெளியிடத் தொடங்கியபோது, எதிர்ப்பாளர்கள் அரங்குக்குள் பாம்பையே விட்டார்கள். (அதற்கும் ஹாலிவுட் அசரவில்லை.)

என்னைக் கேட்டால், திருப்பம் 1996-ல்தான் வந்தது. படங்களை முன்கூட்டியே தணிக்கை செய்வது அரசியலமைப்புக்கு விரோதம் என்று அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டு ஆண்டு கழித்து, அதிபர் கிம் டே ஜுங் ஜப்பானியப் படங்களுக்கும் இசைக்கும் இருந்த தடையை விலக்கத் தொடங்கினார். 35 ஆண்டு காலனி ஆட்சியில், கொரியர்களின் பெயரைக்கூட ஜப்பானியமாக மாற்றச் சொன்ன நாடு ஜப்பான். பயம் நியாயமானதே. அதனால் ஒரேயடியாகத் திறக்கவில்லை. முதலில் பெரிய திரைவிழாக்களில் பரிசு பெற்ற படங்கள் போன்றவை, அப்புறம் மற்றவை என்று படிப்படியாக 2004 வரை இழுத்தார்கள். இந்த நிதானம் உங்கள் நண்பர் கண்ணில் படவில்லை.

2006-ல் அமெரிக்க வர்த்தக ஒப்பந்தத்துக்காக 146 நாள் 73 ஆகக் குறைந்தது. நடிகர்களும் இயக்குநர்களும் தெருவில் இறங்கினார்கள். உள்ளூர்ப் படங்களின் பங்கு அடுத்த சில ஆண்டுகள் சரிந்தது, பிறகு எழுந்தது. டிக்கெட் விலையில் 3 சதவீதம் வசூலித்துத் திரைத்துறை நிதிக்குக் கொடுத்ததும் இந்தக் காலத்தில்தான். நாள் கணக்கை விட இந்தப் பணத்துக்கே நான் அதிக மதிப்பெண் போடுவேன்.

இன்று அங்குள்ள சிறிய படங்களின் புகார் ஹாலிவுட் மீது மட்டும் இல்லை. மூன்று உள்நாட்டு மல்டிபிளக்ஸ் குழுமங்கள் பெரும்பாலான திரைகளைக் கையில் வைத்துக்கொண்டு, பெரிய படம் வந்தால் அதையே போட்டு நிரப்புகின்றன. அந்தப் பெரிய படம் கொரியப் படமாக இருந்தால் 73 நாள் சட்டம் குறுக்கே நிற்பதில்லை.